வாடகைக்கு விட்ட ஆட்டுக் கிடா

ஆட்டுக் கிடாவை வாடகைக்கு விட்டு ஒருவர் புகழ் பெற முடியுமா? இங்கிலாந்தில் ஒருவர் பெற்றார்.

1760-ம் ஆண்டில் அவர் தம் கிடாக்களைப் பருவத்துக்கு இவ்வளவு என்று பேசி மற்றப் பண்ணைகளுக்கு அனுப்பத் தொடங்கினார். அன்று ஒரு கிடாவுக்குக் கிடைத்த வாடகை ஒரு பவுனுக்கும் குறைவு. 29 வருஷம் கழித்து, 1789-ல், மூன்றே கிடாக்களுக்கு 1,200 கினி கிடைத்தது. ஒரு கினி என்றால் 21 ஷில்லிங். விற்ற விலை அல்ல இது. பருவம் முடிந்ததும் கிடா வீட்டுக்கு வந்துவிடும்!

அவர் பெயர் ராபர்ட் பேக்வெல்.

குத்தகை நிலம்

லெஸ்டர்ஷயர் என்ற மாவட்டத்தில், லஃபரோ என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது டிஷ்லி. பேக்வெல்லின் தாத்தா அங்கே பண்ணை வைத்திருந்தார். பிறகு தந்தை பார்த்துக்கொண்டார். தந்தையின் பெயரும் ராபர்ட்தான். சுமார் 440 ஏக்கர் நிலம். ஆனால் ஒரு சாண் கூடச் சொந்தமில்லை, எல்லாம் குத்தகை.

1725-ம் ஆண்டில் மகன் ராபர்ட் பிறந்தார். இளம் வயதில் ஊர் ஊராகச் சுற்றினார். உள்நாட்டிலும் ஹாலந்திலும் ஆடு மாடு வளர்ப்பவர்களின் முறைகளைக் கண்ணால் கண்டு திரும்பினார். வேலைக்கு வேண்டிய பிள்ளை வெளியே சுற்றுகிறானே என்று எத்தனை தகப்பனார் பொறுத்திருப்பார்கள்? இந்தத் தகப்பனார் பொறுத்தார். பண்ணைப் பொறுப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக மகனிடம் விட்டார். 1760-ல் அவர் காலமானதும் முழுப் பொறுப்பும் மகன் தலையில் விழுந்தது.

அக்காலத்தில் அங்கே ஆடு வளர்த்தது பெரும்பாலும் ரோமத்துக்காக. மாடு, ஏருக்கும் பாலுக்கும். உழைத்து ஓய்ந்த பிறகுதான் கசாப்புக் கடைக்குப் போகும். நகரங்கள் பெருகி வந்தன. ஆலைத் தொழிலாளிகள் பெருகி வந்தார்கள். இனி இறைச்சிக்குத்தான் தேவை அதிகம் என்று பேக்வெல் கணக்குப் போட்டார். எலும்பு சிறுத்து, உடல் பீப்பாய் போல உருண்டு, சீக்கிரம் கொழுக்கும் ஆடு வேண்டும் என்று முடிவு செய்தார்.

சும்மா விரும்பினால் ஆடு மாறுமா? கிடாவும் பெட்டையும் ஒன்றாக மேய்ந்து, எதனோடு எது சேர்ந்தது என்றே தெரியாதிருந்த வழக்கத்தை அவர் ஒழித்தார். இரண்டையும் பிரித்து வைத்தார். தாம் விரும்பிய குணமுள்ளவற்றை மட்டும் இணை சேர்த்தார். ஒரே இரத்தத்தில் பிறந்தவற்றைக்கூடச் சேர்த்தார். இது தகாத காரியம் என்று பலர் முகம் சுளித்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

கிடாவை வாடகைக்கு விட்டதன் சூட்சுமமும் இங்கேதான் இருக்கிறது. ஒரு கிடாவின் குட்டிகள் எப்படி வளரும் என்பதைத் தம் பண்ணையில் மட்டும் பார்த்தால் போதாது. பல ஊர்ப் பண்ணைகளில் அதன் குட்டிகளைப் பார்த்து, நல்ல குட்டிகளைக் கொடுத்த கிடா எது என்று கண்டுகொண்டால், அதைத் திரும்பத் தம் மந்தைக்கே வைத்துக்கொள்ளலாம். செலவு மற்றவருடையது, பாடம் இவருடையது!

விருந்தாளிகள்

பேக்வெல் உயர்ந்து பருத்த மனிதர். பழுப்புக் கோட்டு, சிவப்பு உள்சட்டை, தோல் கால்சட்டை, முழங்கால் வரை பூட்ஸ். திருமணம் செய்துகொள்ளவில்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய சகோதரி ஹன்னா.

புகழ் பரவப் பரவ அந்த வீட்டில் அடுப்பு அணையவில்லை. உள்ளூர்ப் பிரபுக்கள் வந்தார்கள். பிரான்சிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்தார்கள். யார் வந்தாலும் சாப்பாடு உண்டு. ஆனால் எந்தப் பிரபு உட்கார்ந்திருந்தாலும் சரி, இரவு பத்தரை மணிக்குத் தம் கடைசிப் புகைக்குழாயைத் தட்டி வைத்துவிடுவார். அதன் பிறகு பேச்சில்லை.

1770-ல் ஆர்தர் யங் என்ற விவசாய எழுத்தாளர் பார்க்க வந்தார். 60 குதிரைகள், 400 ஆடுகள், 150 மாடுகள் அந்த நிலத்திலேயே வளர்வதைக் கண்டு வியந்தார். பெரிய பொலிகாளைகளை ஒரு சிறு பையன் குச்சியோடு ஓட்டிப் போவதையும் கண்டார். கால்நடைகளை அடிப்பது டிஷ்லியில் வழக்கமில்லை. புல்வெளிக்கு நீர் பாய்ச்சக் கால்வாய் வெட்டியிருந்தார்கள். டர்னிப் கிழங்கை அதில் போட்டால் மிதந்து, கழுவியும் வந்து சேரும்!

வீட்டுக்குள் ஓர் அறையில் முன்னோர் ஆடுமாடுகளின் எலும்புக்கூடுகள் தொங்கின. உப்பு நீரில் ஊறிய இறைச்சித் துண்டுகளும் இருந்தன. தலைமுறைக்குத் தலைமுறை எலும்பு எவ்வளவு சிறுத்தது, கொழுப்பு எவ்வளவு தடித்தது என்பதற்கு அவையே அவர் கணக்குப் புத்தகம். தம் முறையைப் பற்றி அவர் புத்தகம் ஏதும் எழுதி வைக்கவில்லை.

வந்தது திவால்

இத்தனை விருந்தும் பரிசோதனையும் பணத்தில்தானே நடக்கவேண்டும்? 1776-ல், 51-வது வயதில், பேக்வெல் திவாலானார். தாத்தா காலத்துப் பண்ணை கைவிட்டுப் போகும் நிலை. வேறொருவராக இருந்தால் மந்தையை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மூலையில் உட்கார்ந்திருப்பார். அவரோ டிஷ்லியை விட்டு நகரவில்லை. கிடா வாடகை கை கொடுத்தது. 1785-ல் தம் கறுப்புப் பாரக் குதிரையை லண்டனுக்குக் கொண்டுபோய் மன்னர் மூன்றாம் ஜார்ஜிடம் காட்டினார். 1786-ல் கிடா வாடகை மட்டும் 1,000 கினி.

குறையும் உண்டு. அவருடைய புது லெஸ்டர் ஆட்டின் கறியில் கொழுப்பு மிகுதி. வசதியுள்ளவர்கள் முகம் திருப்பினார்கள். உடல் வருந்தி உழைப்பவர்கள் வாங்கித் தின்றார்கள். நீண்ட கொம்பு மாடுகளில் அவர் கறியைக் கூட்டினார், பால் குறைந்தது. பிற்பாடு குட்டைக்கொம்பு மாடுகள் அவற்றை ஓரங்கட்டிவிட்டன. அந்த இனத்தை உயர்த்திய சார்லஸ் காலிங் என்பவரும் டிஷ்லிக்கு வந்து பார்த்துப் போனவர்தான்!

1795-ம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி, 70-வது வயதில் பேக்வெல் காலமானார். பிள்ளையில்லாத வீட்டில் பண்ணை சகோதரி மகன் ஹனிபோர்னிடம் போயிற்று. பேக்வெல்லை அடக்கம் செய்த டிஷ்லி தேவாலயம் பிற்காலத்தில் கூரையிழந்து பாழடைந்தது.

மந்தையின் வம்சம் மட்டும் மற்றப் பண்ணைகளில் வளர்ந்தது. பக்லி, பர்ஜெஸ் என்ற இருவர் அதை 50 வருஷத்துக்கு மேல் கலப்பில்லாமல் காத்தார்கள். ஆனால் இருவர் மந்தையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வேறு இனங்கள் போலத் தோன்றும்படி மாறிப் போயின. 1859-ல் வெளிவந்த தம் நூலில் இந்த அதிசயத்தைக் குறித்து வைத்தவர் சார்லஸ் டார்வின்.