பாரமகாலில் மன்றோ கற்ற பாடம்

ஒவ்வோர் ஆண்டும் கோடைக்காலத்தில் தமிழ்நாட்டின் வட்டாட்சியர் அலுவலகங்களில் ஜமாபந்தி நடைபெறுகிறது. கிராமக் கணக்குகள் சரிபார்க்கப்படுகின்றன. பட்டா மாறுதல் கோரும் மனுக்கள் குவிகின்றன. அரசும் உழவரும் இடையில் ஒருவருமின்றி நிலக்கணக்குப் பார்க்கும் இந்த முறையின் வேரைத் தேடினால் நாம் சென்று சேரும் இடங்களுள் முதன்மையானது தருமபுரி. சந்திக்கும் மனிதர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் அருகே அங்கவடி இல்லாத குதிரைமீது அமர்ந்திருக்கும் ஆளுநராகவே அவரைப் பலரும் அறிவர். அந்த ஆளுநரை உருவாக்கிய மலைநாட்டைப் பற்றி நாம் பேசுவது குறைவு என்றே நான் கருதுகிறேன்.

1761-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் மன்றோ. அமெரிக்க விடுதலைப் போர் தந்தையின் வணிகத்தை முறித்தது. வேறு வழியின்றி மகன் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து 1780-இல் சென்னை வந்திறங்கினார். ஹைதர் அலிக்கும் திப்பு சுல்தானுக்கும் எதிரான போர்களில் பங்கேற்றார். 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாரமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. சென்னையின் சிவில் அதிகாரிகளுக்கு மக்களின் மொழி தெரியாததால், தலைமை ஆளுநர் காரன்வாலிஸ் அப்பொறுப்பைப் படை அதிகாரிகளிடம் ஒப்படைத்தார். கேப்டன் அலெக்சாண்டர் ரீட் தலைவரானார். அவருடைய உதவியாளர்களுள் ஒருவராக மன்றோ தருமபுரிக்கு வந்தார்.

இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளைத் தழுவிய பாரமகால், தன்னளவில் ஒரு சிறிய மலைநாடு. சுற்றிலும் குன்றுகள், நடுவே செம்மண் மேடுகள். காவிரி மேற்கெல்லையில் பள்ளத்தாக்கில் ஓடினாலும் அதன் நீர் அன்று இம்மேடுகளுக்கு ஏறவில்லை. கேழ்வரகும் சாமையும் கம்பும் கொள்ளும் வானத்தை நம்பி விளைந்தன. ஒரு மழை தவறினால் ஓராண்டு வாழ்வே தவறிவிடும். இத்தகைய நாட்டில் நிலவரியே ஏறத்தாழ முழுப் பொருளாதாரம். வரி எவரிடம் வாங்கப்படுகிறது, எவ்வளவு வாங்கப்படுகிறது என்னும் இரு கேள்விகளே ஓர் ஊர் நிலைப்பதையும் அழிவதையும் தீர்மானித்தன.

ரீடும் அவருடைய உதவியாளர்களும் ஒவ்வொரு வயலாக அளந்தனர். மன்றோ ஊர் ஊராகச் சென்று உழவர்களோடு பேசி மண்ணின் தரத்தையும் விளைச்சலையும் கணித்தார். முதலில் ஐந்தாண்டுக் குத்தகை முறை முயலப்பட்டது. நிலையான தொகையை ஐந்தாண்டுக்குக் கட்டுவதாக ஒப்புக்கொள்ளும் துணிவு மழையை நம்பிய உழவருக்கு இல்லை. எனவே 1796-இல், விரும்பும் நிலத்தை ஆண்டுதோறும் ஏற்கவும் விட்டுவிடவும் உழவருக்கு உரிமை அளித்து ரீட் அறிவிப்பு வெளியிட்டார். ரயத்துவாரி முறையின் தொடக்கமாக வரலாற்றாசிரியர்கள் கருதுவது இதனையே. அம்முறையை உருவாக்கிய புகழ் மன்றோவுக்குப் போனாலும் முதல் உரிமை ரீடுக்கே. அதனை விரித்து, வாதிட்டு, நிலைநிறுத்தியவர் மன்றோ.

ஏழு ஆண்டுகள் தருமபுரிப் பகுதியில் வாழ்ந்த அவர், 1799-இல் மனமின்றியே பிரிந்தார். தாம் வளர்த்த தோட்டத்தையும் இக்குன்றுகளையும் அவர் மறக்கவில்லை என்பதை அவருடைய கடிதங்கள் காட்டுகின்றன. பின்னர் கன்னடக் கரையோரத்திலும், 1800 முதல் 1807 வரை பெல்லாரி, கடப்பை முதலிய பகுதிகளிலும் பணிபுரிந்தார். 1807-இல் அவர் அளித்த பரிந்துரையைத்தான் அவருடைய வாழ்வின் உச்சமாக நான் மதிக்கிறேன். நிலவரியை நூற்றுக்கு 25 அளவுக்குக் குறைக்க வேண்டும் என்றார் அவர். வரி மிகுந்தால் நிலத்துக்கு விலையிராது. விலையில்லாத நிலத்தில் எவரும் முதலிடார் என்பது அவர் கண்ட உண்மை. கம்பெனி அரசு அப்போது அதனை ஏற்கவில்லை.

இதனினும் கசப்பான ஒன்று பாரமகாலிலேயே நடந்தது. வங்காளத்து ஜமீன்தாரி முறையைப் பின்பற்றி, 1802 முதல் சேலம், பாரமகால் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. உழவருக்கும் அரசுக்கும் நடுவே மிட்டாதார்கள் அமர்ந்தனர். அவர்களுள் பலர் தவணை கட்ட இயலாமல் நொடித்தனர்; மிட்டாக்கள் மீண்டும் அரசிடமே திரும்பின. 1820-இல் மன்றோ ஆளுநரான பின்னரே ரயத்துவாரி முறை மாகாணத்தில் உறுதியாக வேரூன்றியது. அவர் முன்பு கேட்ட வரிக்குறைப்பும் பெல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்குக் கிடைத்தது. 1827 ஜூலை 6 அன்று, தாயகம் திரும்பும் முன் தமக்குப் பழகிய அப்பகுதிகளைக் காணச் சென்ற வழியில், பத்திகொண்டாவில் காலராவுக்கு அவர் பலியானார்.

மன்றோவைப் போற்றிவிட்டு மட்டும் நகர்வது நேர்மையன்று. அவர் அந்நிய ஆட்சியின் அலுவலர். வசூலான வரி இம்மலைநாட்டின் ஏரிகளுக்காக வசூலிக்கப்பட்டதன்று. இடைத்தரகர் நீங்கிய இடத்தில் கீழ்நிலை வருவாய் ஊழியர்கள் அமர்ந்தனர். வரி வசூலிக்க உழவர்கள் சித்திரவதை செய்யப்பட்டதை 1855-இல் சென்னை விசாரணைக் குழுவே உறுதிசெய்தது. 1876 முதல் 1878 வரையிலான பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. எவரிடம் வாங்குவது என்ற கேள்விக்கு விடை கண்ட அரசு, எவ்வளவு வாங்குவது என்ற கேள்வியில் தவறியதன் விலை அது.

இன்று நிலவரி பெயரளவுக்கே உள்ளது. அரசு உழவரிடம் வாங்குவதைவிட உழவருக்குக் கொடுப்பதே முதன்மையாகிவிட்டது: வறட்சி நிவாரணம், பயிர்க் காப்பீடு, பயிர்க்கடன். ஆனால் இவை பட்டாவையும் அடங்கலையும் பின்பற்றியே செல்கின்றன. வாய்மொழிக் குத்தகையில் பிறர் நிலத்தை உழுபவர் பயிர் கருகினால் எந்தக் கணக்கிலும் தோன்றுவதில்லை; நிவாரணம் நிலவுடைமையாளரின் பெயருக்கே போகிறது. உண்மையில் உழுபவர் எவரோ அவரை அரசு நேரடியாக அறிந்திருக்க வேண்டும் என்பதே பாரமகாலின் வயல்களில் மன்றோ கற்ற பாடம். தருமபுரியில் அவருக்கு நினைவுத்தூண் நிற்கிறது. குத்தகை உழவரின் பெயர் அடங்கலில் ஏறும் நாளில்தான் அப்பாடம் நிறைவுபெறும்.