வகுப்பறைக்காக வறுமை ஏற்றவர்

காலை மணி அடித்ததும் வரிசையாகச் சென்று வகுப்பில் அமர்கிறோம். செபம் சொல்லி முடித்ததும் ஆசிரியை பாடம் நடத்த, வகுப்பு முழுவதும் ஒரே பாடத்தை ஒன்றாகப் படிக்கிறோம். பள்ளி என்றால் என்றும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பது நம் எண்ணம். ஆனால் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்சு நாட்டுச் சிறு பள்ளிகளில் ஒவ்வொரு பிள்ளையாக ஆசிரியரிடம் சென்று பாடம் கேட்பதே பொது வழக்கம். மற்றப் பிள்ளைகள் தம் முறைக்காகக் காத்துக் கிடப்பர். ஏழைப் பிள்ளைகளில் பலருக்கு அப்பள்ளியும் கிட்டவில்லை. இந்நிலையை மாற்றத் தம்மையே தந்தவர் புனித ஜான் பாப்டிஸ்ட் தெலசால்.

அவர் 1651-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் ரீம்ஸ் நகரில் செல்வக் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தார். பதினைந்தாம் வயதிலேயே அந்நகரப் பேராலயத்தில் வருமானமுள்ள உயர்ந்த பதவி பெற்றார். பெற்றோர் இருவரும் அடுத்தடுத்து இறக்கவே, தம்பி தங்கையரைப் பேணும் பொறுப்பு இளவயதிலேயே அவர்மேல் விழுந்தது. 1678-இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் அவருடைய ஞான வழிகாட்டியான நிக்கோலாஸ் ரோலான் அடிகளார் இறந்தார். ஏழைச் சிறுமியருக்குக் கல்வி புகட்ட அடிகளார் தொடங்கிய கன்னியர் சபையைக் காக்கும் பணி தெலசாலிடம் வந்தது. அவரும் அரசரின் அங்கீகாரத்தைப் பெற்றுத் தந்தார். ஆகவே பெண்பிள்ளைகளாகிய நாமும் அவருக்கு நன்றி சொல்லக் கடமைப்பட்டவர்களே.

அடுத்த ஆண்டு ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்க உதவினார். அக்காலத்தில் ஆசிரியர்களுக்கு மதிப்பில்லை. அவரும் தொடக்கத்தில் அவர்களைத் தம் வேலைக்காரனுக்கும் கீழாகவே எண்ணியிருந்தார். ஆயினும் 1681-இல் அவர்களைத் தம் இல்லத்திலேயே குடியமர்த்தினார். உறவினர் வெகுண்டனர். நாளைய கவலையை விட்டு இறைவனை நம்புமாறு ஆசிரியர்களுக்கு அவர் போதித்தபோது, சொத்தும் பதவியும் உள்ளவர் அப்படிச் சொல்வது எளிது என்று அவர்கள் முணுமுணுத்தனர். அச்சொல் அவர் நெஞ்சைத் தைத்தது. அதில் உண்மை இருப்பதை உணர்ந்தார். 1683-இல் பதவியைத் துறந்தார். அடுத்து வந்த பஞ்சத்தில் தம் சொத்தை ரொட்டியாக்கி ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். அதன்பின் ஆசிரியர்கள் உண்ட எளிய உணவே அவர் உணவுமாயிற்று. அவர்கள் கிறிஸ்தவப் பள்ளிகளின் சகோதரர்கள் ஆயினர்.

அவர்களுடைய வகுப்பறையைச் சற்று எட்டிப் பார்ப்போமா? முதலில் இலத்தீன் படிக்கும் வழக்கத்தை விட்டு, பிள்ளைகள் தாய்மொழியான பிரெஞ்சிலேயே படிக்கத் தொடங்கினர். ஒரே நிலையில் உள்ளவர்கள் ஒன்றாகப் பாடம் கற்றனர். ஆசிரியர் உரக்கக் கூவாமல் ஒரு சிறு கருவியால் ஒலியெழுப்பிக் குறிப்பு காட்டுவார். காலை உணவும் வகுப்பிலேதான். கொண்டு வந்த ரொட்டியில் மிகுந்ததை ஒரு மாணவன் கூடையில் சேர்ப்பான்; அது இல்லாத பிள்ளைகளுக்குப் போகும். மணியடிக்க ஒருவன், கூட்டிப் பெருக்க ஒருவன் என்று பிள்ளைகளுக்கே பொறுப்புகள் இருந்தன. இறைவன் தம் நடுவில் இருப்பதை நினைவூட்டும் சிறு செபம் இடையிடையே ஒலிக்கும். ஒருவரிடமும் கட்டணம் வாங்குவதில்லை.

இதற்கும் எதிர்ப்பு எழுந்தது. தங்கள் பிழைப்பு கெடுகிறதென்று பாரிஸ் நகர எழுத்தாசிரியர்கள் 1704-இல் அவர்மேல் வழக்குத் தொடுத்தனர். அவர் தளரவில்லை. அறுபது வயதைக் கடந்த பின்னும் கிரெநோபிள் நகரில் ஒரு சகோதரருக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பித்தார். 1719-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, ரூவான் நகரில் இறைவனடி சேர்ந்தார். பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1900-இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 1950-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தார்.

தோழியரே, நாளை மதியம் உணவுப் பெட்டியைத் திறக்கும்போது அந்த ரொட்டிக் கூடையை நினைப்போம். பக்கத்தில் வெறுங்கையோடு இருப்பவளைப் பார்ப்போம். ஒரு செல்வர் தம் உடைமையெல்லாம் துறந்து வளர்த்த வகுப்பறையின் பயனை நாம் இலவசமாகப் பெற்றிருக்கிறோம். நாமும் பகிர்ந்து கொடுத்தால்தான் அந்தக் கடன் தீரும்.