கார்ல் பென் ஐல்சன்

கார்ல் பென் ஐல்சன் (ஜூலை 20, 1897 – நவம்பர் 9, 1929) அலாஸ்காவின் தொலைதூரக் குடியிருப்புகளுக்கு வானூர்தி மூலம் அஞ்சலும் சரக்கும் கொண்டு சென்ற முன்னோடிகளுள் ஒருவர். ஐக்கிய அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் உள்ள ஹாட்டன் என்னும் ஊரில் பிறந்தார்.

வானஞ்சல் சேவை

முதலாம் உலகப் போர்க்காலத்தில் படையில் சேர்ந்து வானூர்தி ஓட்டக் கற்றார். 1922 இல் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் பள்ளி ஆசிரியரானார். மறு ஆண்டே உள்ளூர் வணிகர்களின் ஆதரவுடன் அங்கு வானூர்திச் சேவையைத் தொடங்கினார்.

பிப்ரவரி 21, 1924 அன்று ஃபேர்பேங்க்சிலிருந்து மக்கிராத் என்னும் ஊருக்கு அலாஸ்காவின் முதல் வானஞ்சலை எடுத்துச் சென்றார். நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிகள் ஏறத்தாழ மூன்று வாரங்களில் கடந்த அத்தொலைவை மூன்று மணி நேரத்துக்குள் கடந்தார். ஆயினும் தரையிறங்கும்போது வானூர்தி சில முறை சேதமடைந்தமையால் அஞ்சல் துறை அவ்வாண்டே ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது.

துருவப் பயணங்கள்

ஏப்ரல் 1928 இல் ஆத்திரேலிய ஆய்வாளர் ஹூபர்ட் வில்கின்சுடன் அலாஸ்காவின் பாரோ முனையிலிருந்து ஆர்க்டிக் பெருங்கடலைக் கடந்து ஸ்பிட்ஸ்பெர்கன் தீவை அடைந்தார். இத்தொலைவு ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் ஆகும். அவ்வாண்டு டிசம்பரில் இருவரும் அண்டார்க்டிக்காவின் மீதும் பறந்தனர்.

இறப்பு

1929 இல் அலாஸ்காவின் சிறிய வானூர்தி நிறுவனங்கள் சிலவற்றை இணைத்து உருவான அலாஸ்கன் ஏர்வேஸ் நிறுவனத்துக்குத் தலைமையேற்றார். அப்போது நானுக் என்னும் வணிகக் கப்பல் சைபீரியக் கரையோரப் பனியில் சிக்கியிருந்தது. அதிலிருந்த ஆட்களையும் விலங்குத் தோல்களையும் ஏற்றி வரும் பணியை இந்நிறுவனம் ஏற்றது. முதல் பயணம் வெற்றியாக முடிந்தது. நவம்பர் 9 அன்று தொடங்கிய இரண்டாம் பயணத்தில் வானூர்தி பனிப்புயலில் சிக்கி விழுந்ததில், ஐல்சனும் பொறிவினைஞர் ஏர்ல் போர்லண்டும் உயிரிழந்தனர். பல வாரத் தேடலுக்குப் பின்னர் ஜனவரி 1930 இல் சிதைவுகளும், பிப்ரவரியில் உடல்களும் கண்டெடுக்கப்பட்டன.

ஃபேர்பேங்க்ஸ் அருகிலுள்ள ஐல்சன் வான்படைத் தளம் இவர் பெயரைக் கொண்டதாகும்.