ஹாஸ்டல் ஷெல்ஃபில் ஒரு ஜெர்மன் ஊர்

உங்க ரூம்ல யாரோ ஒருத்தர்கிட்ட அந்த பாட்டில் கண்டிப்பா இருக்கும். ஃப்ரெஷ், ஹெர்பல், ஃபார் மென்னு எழுதியிருக்கும். பிளேஸ்மென்ட் இன்டர்வியூ அன்னைக்கு மட்டும் அது பொதுச்சொத்து ஆயிடும். நானும் அடிச்சுக்கிட்டுதான் போனேன். என் டர்ன் வர்றதுக்குள்ள வாசனை போயிடுச்சு, அது வேற கதை.

அதுல கொலோன்னு இருக்கே, அது ஜெர்மனியில ரைன் நதிக்கரையில இருக்கிற ஓர் ஊரோட பேர். அந்த ஊரை உங்க ஷெல்ஃப் வரைக்கும் கொண்டுவந்தவர் ஜெர்மன்காரர் இல்லை, இத்தாலிக்காரர். ஜியோவான்னி மரியா ஃபரினா. 1685-ல, ஆல்ப்ஸ் மலைப்பள்ளத்தாக்கில் சாந்தா மரியா மஜோரேங்கிற சின்ன ஊர்ல பிறந்தார்.

அவருடைய அண்ணன் 1709-ல கொலோன் நகரத்துக்கு வந்து கடை போட்டார். பட்டு, லேஸ் மாதிரி பணக்காரங்க வாங்குற சாமான்கள். 1714-ல தம்பியும் வந்து சேர்ந்தார். தம்பிகிட்ட இருந்த முதலீடு மூக்குதான்.

அந்தக் காலத்து வாசனைன்னா கஸ்தூரி, புனுகு, சந்தனம், லவங்கப்பட்டைன்னு எல்லாமே கனமானது. குளிக்காத உடம்பை மறைக்கத்தான் அது பயன்பட்டுச்சு. ஃபரினாவுக்குப் பிடிச்சது வேற. மழை பெஞ்சு ஓய்ஞ்ச இத்தாலி வசந்தகாலக் காலை, மலைப்பூ, ஆரஞ்சுப்பூ. தான் உருவாக்கின வாசனை அப்படித்தான் இருக்குன்னு 1708-லேயே அண்ணனுக்குக் கடிதம் எழுதியிருக்கார். பெர்கமாட், எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களைச் சுத்தமான ஆல்கஹால்ல கலந்தார். வந்து குடியேறின ஊருக்கு மரியாதையா ஓ டி கொலோன், அதாவது கொலோன் தண்ணீர்னு பேர் வச்சார். பெரிய மனுஷங்க பேசுற மொழி அப்போ பிரெஞ்சு, அதனால பேரும் பிரெஞ்சுல.

நம்ம பாட்டிங்க காய்ச்சல்னா துணியில நனைச்சு நெத்தியில போடுவாங்களே ஓடிகொலோன், அதே பேர்தான். அந்தக் காலத்துலயும் அதை மருந்தா நினைச்சவங்க உண்டு, உள்ளுக்கும் குடிச்சாங்க. நீங்க ட்ரை பண்ணாதீங்க.

என்னை அசத்தினது வாசனை இல்லை. ஒரு வருஷம் மழை அதிகம், ஒரு வருஷம் வெயில் அதிகம். ஒவ்வொரு அறுவடைக்கும் பெர்கமாட் எண்ணெய் மாறும். அப்போ இந்த வருஷ பாட்டிலும் போன வருஷ பாட்டிலும் ஒரே மாதிரி எப்படி மணக்கும்? நம்ம கெமிஸ்ட்ரி லேப்ல இதுக்கு கேஸ் குரோமடோகிராஃப் வேணும்போம். ஃபரினா வெவ்வேறு அறுவடை எண்ணெய்களை அளந்து கலந்து, பழைய பேட்ச் சாம்பிளை எடுத்து வச்சு, முகர்ந்து பார்த்தே சரிபண்ணினார். குவாலிட்டி கன்ட்ரோல் பேப்பர்ல நாம மனப்பாடம் பண்றதை, மூக்கை வச்சு ஐம்பது வருஷம் பண்ணியிருக்கார்.

சீக்கிரம் ஆவியாகுறதுக்கும் காரணம் இருக்கு. எலுமிச்சை வகை எண்ணெய்கள்ல மூலக்கூறு சின்னது, வேப்பர் பிரஷர் அதிகம். என் இன்டர்வியூல அதான் நடந்தது.

கொலோனின் பேராயரா இருந்த கிளெமென்ஸ் ஆகஸ்ட் உட்பட பல அரச குடும்பங்கள் அவர் வாடிக்கையாளர்கள். 1766-ல பணக்காரராத்தான் இறந்தார். ஃபார்முலாவை வெளியே சொல்லவே இல்லை.

ஆனா பேரை எப்படிக் காப்பாத்துறது? டிரேட்மார்க் சட்டம்லாம் அப்போ அங்க கிடையாது. ஆளாளுக்கு கொலோன் தண்ணி காய்ச்ச ஆரம்பிச்சாங்க. 1803-ல வில்ஹெல்ம் ம்யூல்ஹென்ஸ்ங்கிற வியாபாரி ஒரு வேலை பண்ணினார். அந்தக் கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு ஃபரினாவைப் பிடிச்சு, அவர்கிட்ட இருந்து பேரை மட்டும் விலைக்கு வாங்கிட்டார். வாங்கினதை அடுத்தவங்களுக்கும் வித்தார்! பல வருஷ வழக்குக்கு அப்புறம், 1881-ல ம்யூல்ஹென்ஸ் வாரிசுகள் ஃபரினா பேரை விட வேண்டியதாச்சு. வீட்டு நம்பரையே பேரா வச்சுக்கிட்டாங்க, 4711. அந்த நம்பர் இன்னைக்கும் கடையில விக்குது. ரோஸ்மேரி, லாவெண்டர் எல்லாம் சேர்ந்த அந்த மூலிகை வாசனையைத்தான் நிறைய பேர் கொலோன்னு நினைக்கிறாங்க.

ஃபரினா குடும்பக் கம்பெனியும் அதே ஊர்ல இன்னும் இருக்கு.

இதை எழுதி முடிச்சதும் எங்க ரூம் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். கொலோன்னு மூணு இடத்துல இருந்தது. ஃபரினான்னு எங்கேயும் இல்லை.