மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார்

பசித்தவனைக் கண்டு மனம் இரங்குதல் மக்கட் பண்பு. இரங்கியதோடு அமையாது, அப்பசி எதனால் வந்தது, அது நாளையும் வாராதிருக்க யாது செய்தல் வேண்டும் என ஆராய்தல் அறிவின் செயல். அருளும் அறிவும் ஒருங்கே கூடினாலன்றித் தொண்டு முழுப்பயன் தாராது. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கி, தொண்டினை ஒரு கல்வித்துறையாகத் தென்னாட்டில் நிலைபெறச் செய்தவர் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார்.

அம்மையார் 1909ஆம் ஆண்டில் உதகமண்டலத்தில் ஒரு பார்சிக் குடும்பத்தில் தோன்றினார். பார்சியர் பல நூற்றாண்டுகளுக்கு முன் பாரசீக நாட்டினின்றும் போந்து, இந்தியாவின் மேலைக் கடற்கரையில் குடியேறியவர் வழிவந்தோர். சென்னையில் வாழ்ந்த அவ்வினத்தார் சில நூற்றுவரே ஆவர். அம்மையார் சென்னையில் பள்ளிக் கல்வி பயின்றார். பதினெட்டாம் வயதில் நோகி கிளப்வாலா என்பாரை மணந்தார். 1930ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஓர் ஆண்மகவு பிறந்தது. ஆனால் அவ்வின்ப வாழ்வு நெடுநாள் நீடிக்கவில்லை. 1935ஆம் ஆண்டில் கணவர் நோய்வாய்ப்பட்டு உயிர் துறந்தார்.

இளமையிலேயே கணவரை இழந்த அம்மையார் துயரத்தில் மூழ்கிவிடவில்லை. பிறர் துயர் துடைப்பதிலேயே தம் துயருக்கு மருந்து தேடினார். 1923ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற கில்டு ஆப் சர்வீஸ் என்னும் தொண்டர் குழுவில் சேர்ந்து, அதன் பணிகளைத் தம் பணியாகவே மேற்கொண்டார். ஆதரவற்ற சிறுவர், கைவிடப்பட்ட மகளிர், உடற்குறை உடையோர் முதலியோருக்கு அக்குழு புகலிடமாக விளங்கியது. கற்றோரும் செல்வருமான மகளிரை வீட்டு வாயிலினின்றும் வெளிக்கொணர்ந்து, நற்பணியில் ஒன்றுசேர்க்கும் ஆற்றல் அம்மையாரிடம் நிரம்ப இருந்தது.

அவ்வாற்றலுக்குப் பெரியதொரு சோதனை இரண்டாம் உலகப்போரின்போது நேர்ந்தது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் கொழும்பு, விசாகப்பட்டினம், காக்கிநாடா, திருகோணமலை ஆகிய நகரங்கள் ஜப்பானியரின் வான்தாக்குதலுக்கு உள்ளாயின. சென்னை மக்கள் அச்சமுற்றுக் கூட்டங்கூட்டமாக ஊரை விட்டு வெளியேறினர். மக்கள் வெளியேறிய நகரத்திலும் அதன் சுற்றுப்புறங்களிலும் படைவீரர் பெருந்திரளாகத் தங்கினர். அவர்களுள் இந்திய வீரர்க்கு வேண்டிய வசதிகள் மிகக் குறைவாகவே இருந்தன. பிறந்த ஊரையும் பெற்றோரையும் பிரிந்து, மொழியறியாத இடத்தில் நின்ற அவ்விளைஞர்க்கு உறவென்று சொல்லுதற்கு ஒருவரும் இலர்.

இக்குறையைக் களைய முன்வந்த அம்மையார், அவ்வாண்டிலேயே இந்தியர் விருந்தோம்பற் குழு ஒன்றை நிறுவினார். பல சமயத்தையும் பல வகுப்பினையும் சார்ந்த மகளிர் அதில் பங்கு கொண்டனர். நடமாடும் சிற்றுண்டிச்சாலைகள் வீரர் இருக்குமிடம் தேடிச் சென்றன. மருத்துவமனைகளில் காயமுற்றுக் கிடந்தோரை மகளிர் நாள்தோறும் கண்டு ஆறுதல் கூறினர்; அவர்தம் மனம் சோர்வடையாதிருக்கக் கைத்தொழில்களையும் பொழுதுபோக்குகளையும் பயில்வித்தனர். வீரர்க்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் உதவ நிதி திரட்டப்பட்டது. போர் முடிந்த பின்னும் அப்பணி ஓயவில்லை. பர்மாவில் போரிட்ட பதினான்காம் படை, தன் நன்றியறிதலுக்கு அடையாளமாக, ஜப்பானிய வாள் ஒன்றினை அம்மையாருக்கு அளித்தது. தளபதி கரியப்பா அவரைப் படையினர் அனைவரின் அன்புக்கும் உரியவர் எனப் போற்றினார். பிற்காலத்தில் அம்மையார், தம்மைப் போலவே தொண்டில் ஈடுபட்டிருந்த மேஜர் சந்திரகாந்த் ஜாதவ் என்னும் படை அலுவலரை மறுமணம் புரிந்தார்.

அம்மையார் தொண்டு செய்யப் புகுந்த காலத்தில், அதனைக் கற்பிக்கும் கல்லூரி இந்நாட்டில் ஒன்றேனும் இல்லை. மேலை நாடுகளில் நியூயார்க்கு நகரில் 1898ஆம் ஆண்டிலும், ஆம்ஸ்டர்டாம் நகரில் 1899ஆம் ஆண்டிலும் இத்தகைய பயிற்சி தொடங்கியது. இந்தியாவில் 1936ஆம் ஆண்டில்தான் பம்பாயில் சர் தோராப்ஜி டாட்டா பெயரால் முதற் கல்லூரி எழுந்தது. தென்னாட்டில் அக்குறை நீங்க, அம்மையாரின் முயற்சியால் 1952ஆம் ஆண்டில் சென்னை சமூகப்பணிப் பள்ளி தோற்றுவிக்கப்பெற்றது. அது இன்றும் எழும்பூரில் சிறந்து விளங்குகிறது. இங்குப் பட்டதாரிகள் சமூகப்பணியில் முதுகலைக் கல்வி பயில்கின்றனர்.

பிறர்க்கு உதவுதற்கும் ஒரு படிப்பு வேண்டுமோ என்று சிலர் ஐயுறலாம். தாய் தந்தையரை இழந்து, எவரோடும் பேசாது ஒதுங்கி நிற்கும் ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதற்கு உணவும் உடையும் அளித்தல் எளிது. அதன் உள்ளத்தில் உறைந்த அச்சத்தை அறிந்து, அதனை மெல்ல மெல்ல மாற்றுதல் எளிதன்று. அதற்கு உளநூல் அறிவு வேண்டும். குழந்தையின் உரிமைகளைக் காக்கச் சட்ட அறிவு வேண்டும். உறவினரைத் தேடவும், ஊராரை ஒன்றுசேர்க்கவும் மக்களோடு பழகும் திறன் வேண்டும். இவற்றை ஏட்டில் கற்பதோடு நில்லாது, மருத்துவமனைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் சிற்றூர்களிலும் களப்பணியாற்றிப் பயிலுதலே இக்கல்வியின் தனிச்சிறப்பாகும். பயிலாத அன்பு சில வேளைகளில், உதவி பெறுவோனை என்றும் இரப்போனாகவே வைத்துவிடும். பயின்ற அன்போ அவனைத் தன் காலில் நிற்கச் செய்யும்.

1994ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் தன் அறிக்கையில், நாட்டின் எல்லையைக் காப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. உணவு, உடல்நலம், வாழ்தொழில், சுற்றுச்சூழல் ஆகியவற்றிலும் ஒவ்வொரு மனிதனும் அச்சமின்றி வாழ்தலே பாதுகாப்பு என விளக்கியது. மனிதப் பாதுகாப்பு என வழங்கும் இக்கருத்து இன்று உலகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் உயர்கல்விப் பாடமாக உள்ளது.

இது நமக்கு எட்டாத செய்தியன்று. 2015ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் பெய்த பெருமழையால் சென்னையின் தென்புறத்துப் பகுதிகள் பல நீரில் மூழ்கின. கீழ்க்கட்டளை ஏரியின் மிகைநீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடைவது. அவ்வழி குறுகினால் தாழ்ந்த நிலத்து வீடுகளை வெள்ளம் சூழும். வெள்ளத்தில் தவிப்போர்க்குச் சோற்றுப் பொதி வழங்குதல் அருள். நீர்செல் வழியைக் கண்டறிந்து காத்தலும், முதியோரும் நோயாளரும் எவ்வெவ்வீட்டில் உளர் எனக் குறித்து வைத்தலும் அறிவு. அம்மையார் நிறுவிய பள்ளி வளர்க்க விழைவது இவ்விரண்டும் இணைந்த தொண்டரையே.

அம்மையார் 1956ஆம் ஆண்டில் சென்னை நகரின் ஷெரீப் பதவியை ஏற்றார். அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய சிறுவர்க்கெனப் பாலவிகார் என்னும் இல்லத்தையும் நிறுவினார். இந்திய அரசு 1955இல் பத்மஸ்ரீ, 1968இல் பத்மபூஷண், 1975இல் பத்மவிபூஷண் ஆகிய விருதுகளை அளித்துப் பெருமைப்படுத்தியது. இறுதி விருது பெற்ற அவ்வாண்டிலேயே அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

விருதுகள் பெற்றோருக்கு அழகு. கல்விச்சாலைகளோ பின்வருவோர்க்கு வாழ்வு. தாம் கல்லூரியில் கற்க இயலாத ஒன்றைப் பிறர் கற்குமாறு செய்த அம்மையாரின் பணியை, அங்குப் பயின்று வெளிவரும் மாணவர் ஆண்டுதோறும் தொடர்ந்து ஆற்றி வருகின்றனர்.