தொழில்நுட்பக் கல்வியும் அம்பேத்கரும்: சேத்தியாத்தோப்பிலிருந்து ஒரு பார்வை

அண்ணல் அம்பேத்கரைச் சட்ட மேதையாக நாம் அறிவோம். ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான அறிவியல், தொழில்நுட்பக் கல்வியை அரசின் கடமையாக்கப் போராடியவர் என்ற அவரது மற்றொரு முகம் போதிய அளவு பேசப்படுவதில்லை.

1891இல் மோவ் நகரில் பிறந்த அவர், பரோடா அரசின் உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். உதவித்தொகை ஒரு தலைமுறையின் திசையையே மாற்றும் என்பது அவர் வாழ்ந்து கண்ட உண்மை. 1942 ஜூலையில் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அதே ஆண்டு அக்டோபரில் பட்டியல் சாதியினரின் குறைகளை விரிவான மனுவாக வைஸ்ராயிடம் அளித்தார்.

கலை, சட்டப் படிப்புகள் மட்டும் நம் மக்களை உயர்த்திவிடா என்பது அம்மனுவின் மைய வாதங்களுள் ஒன்று. செலவு குறைவு என்பதாலேயே ஏழை மாணவர் அவற்றை நாடுகின்றனர். உயர்நிலை அறிவியலும் தொழில்நுட்பமும் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. எனவே உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அப்படிப்புகளுக்கு உதவித்தொகை, அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் தொழில் பழகுநர் இடங்கள் எனத் திட்டவட்டமாகக் கோரினார். அதன் பயனாக ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் உதவித்தொகை ஒதுக்கப்பட்டது. 1946இல் அவரது மக்கள் கல்விக் கழகம் பம்பாயில் தொடங்கிய சித்தார்த்தா கல்லூரி, கலையோடு அறிவியலையும் கற்பித்தது. வேலைக்குச் செல்வோரும் படிக்கும்படி வகுப்புகள் காலையிலேயே நடந்தன. பாடத்திட்டத்தை மட்டுமன்றிப் பாடவேளையையும் மாணவரின் வாழ்நிலை அறிந்து வகுத்தமையே அதன் புதுமை.

1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது; டிசம்பர் 6இல் அண்ணல் மறைந்தார். அச்சுரங்கத்தின் விரிவாக்கம் இன்று சேத்தியாத்தோப்பை நெருங்கியிருக்கிறது. 2023 ஜூலையில் அருகிலுள்ள வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிர் மீது இயந்திரங்கள் ஏறியதை நாடே கண்டது. நிலம் உடையவருக்கு இழப்பீடு குறித்த பேச்சாவது உண்டு. அந்நிலத்தில் கூலி வேலை செய்தவரின் பிள்ளைகளுக்கு எஞ்சுவது எது? ஒப்பந்தக் கூலியா, பொறியாளர் பதவியா?

புதிய தொழிற்படிப்புகள் அறிவிக்கப்படும்போதெல்லாம் அவற்றை அண்ணலின் அளவுகோலால் அளப்போம். கருவிகள் எவ்வளவு நவீனமானவை என்பதோடு நம் கேள்வி நின்றுவிடலாகாது. சேரியிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் முடித்தனர், எத்தனை பேர் நிரந்தரப் பணி பெற்றனர் என்று கேட்போம். அக்கணக்கை நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கோருவதே, அவரது 1942ஆம் ஆண்டு மனுவை நாம் தொடர்ந்து எழுதும் வழி.