தொழிலாளருக்காகப் பேசிய சேர் பொன்னம்பலம் அருணாசலம்

இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் யார் என்று பரீட்சையில் கேட்டால், சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவோம். 1919 டிசம்பரில் அவர் அப்பதவியை ஏற்றார். அதே ஆண்டில் அவர் தொடங்கிய மற்றொரு சங்கத்தை நம்மில் பலர் அறிவதில்லை.

1853இல் கொழும்பின் செல்வக் குடும்பமொன்றில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் கற்று, போட்டிப் பரீட்சையில் தேறிச் சிவில் சேவையில் சேர்ந்தார். நீதவானாக இருந்து பதிவாளர் நாயகமாக உயர்ந்தார். நம் வீட்டு அலுமாரியில் உம்மா பத்திரப்படுத்தி வைத்திருக்கும் பிறப்புச் சான்றிதழ், அவர் ஒரு காலத்தில் சீர்செய்த திணைக்களத்திலிருந்து வந்ததுதான். 1901இன் குடிசன மதிப்பீட்டையும் அவரே நடத்தினார். நாட்டு மக்களை எண்ணிக் கணக்கெடுத்தவருக்கு அவர்களின் நிலை தெரியாமலா இருந்திருக்கும்?

அப்போது கோப்பி அழிந்து, தேயிலை மலையெங்கும் பரவியிருந்தது. புகையிரதமும் துறைமுகமும் வளர்ந்தன. தென்னிந்தியாவிலிருந்து வந்த ஆணும் பெண்ணும் கங்காணியிடம் பட்ட கடனோடுதான் தோட்டத்துக்குள் நுழைந்தார்கள். சொல்லாமல் வேலையை விட்டுப் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. வேறு தோட்டத்துக்கு மாறுவதென்றால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய துரை அக்கடனை அடைப்பார். அது மறுபடியும் தொழிலாளியின் தலையிலேயே விழும். ஒப்பந்தத்தை மீறினால் சிறை என்பது குற்றவாளிக்குரிய தண்டனை. கூலி வேலைக்கு அது எப்படிப் பொருந்தும்?

ஓய்வுபெற்றபின் 1915இல் அவர் சமூக சேவைக் கழகத்தை நிறுவி, கொழும்பின் ஏழைக் குடியிருப்புகள் பக்கம் கவனத்தைத் திருப்பினார். 1919இல் தொழிலாளர் நலன்புரிக் கழகம் உருவானது. பெரி. சுந்தரம் அவருக்குத் துணை நின்றார். தோட்டத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் விதிகளை நீக்கச் சொல்லி இக்கழகம் அரசிடம் வாதாடியது. இந்திய அரசின் அழுத்தமும் சேர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் துண்டு முறையும் அவ்விதிகளும் ஒழிந்தன.

குறையும் உண்டு. அவர் தொழிலாளருக்காகப் பேசினார், தொழிலாளரைப் பேசவைக்கவில்லை. வேலைநிறுத்தத்தோடு அவர்களைத் தெருவுக்கு அழைத்து வந்தவர் பின்னர் வந்த ஏ. ஈ. குணசிங்க. காங்கிரஸிலிருந்தும் 1921இல் அருணாசலம் மனம் கசந்து விலகினார்.

1924 ஜனவரியில், யாத்திரை சென்ற இடத்தில், மதுரையில் காலமானார். தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது அதற்கு மூன்று வருடங்களுக்குப் பிறகு, 1927இல்.